பிளாட்டினம் வலை

இல்லை பத்ரி சார், அந்த சோஃபா வேண்டாம். அது உள்ள அமுங்கும், முழங்கால் வலியோட எழுந்துக்கறது கஷ்டம். இப்படி ஜன்னல் பக்கமா இந்த நாற்காலியில உக்காருங்கோ, வெளிச்சம் இருக்கு. நான் எதிர்க்க உக்காந்துக்கறேன். ஆச்சு. அவா எல்லாரும் சாவகாசமா முருகனைப் பாத்துட்டு வரட்டும். அந்தக் கோவில்ல படி ஜாஸ்தி, நீங்க போகாதது நல்லதுதான். ஸ்ரீலேகாவும் உங்க ஹரியும் சந்நிதியில ஒரு நிமிஷம் சேர்ந்து நிக்கணும்னு ரெண்டு அம்மாக்களுக்கும் ஆசை. அதுக்கு நாம எதுக்கு?

மறைப்பானேன், இந்த சம்பந்தம் எங்களுக்கு ரொம்ப வேணும் சார். என் பொண்ணு எதையும் வேணும்னு வாய்விட்டுக் கேக்கறவ இல்லை. இதுக்கு முன்ன பாத்த பையன்களைப் பத்திக் கேட்டா, ம்னு சொல்லிட்டு லாப்டாப்பைத் திறந்துடுவா. ஹரியோட மாட்டுங்காவுல ரெண்டு தடவை காப்பி குடிச்சுட்டு வந்தவ, என் எதிர்க்க உக்காந்து, அப்பா, இவனோட பேசினா டிரெயின் போறது கூடத் தெரியலைன்னா. எங்காத்துல இது பெரிய பிரசங்கம்.

நீங்க சொல்ல வரது புரியறது. மோதிர விஷயம்தானே? ஹரி நிச்சயதார்த்தத்துக்குத் தங்கம் வேண்டாம், பிளாட்டினம் மோதிரம்தான்னு பிடிவாதமா இருக்கானாம். உங்காத்து மாமிக்கு அதுல இஷ்டம் இல்லையாம். என் ஆத்துக்காரி வாலாம்பாள் நேத்திக்கே என்கிட்ட சொல்லிட்டா. இந்த விஷயத்துல நீங்க என்கிட்ட வந்தது ஏக்தம் சரி, நூத்துக்கு நூறு. முப்பது வருஷம் பிளாட்டினத்தோட குடித்தனம் பண்ணினவன் நான்.

சிரிக்கறேள். நிஜம் சார். இதே செம்பூர்ல, உர ஃபேக்டரியில, ஸ்டோர்ஸ் ஆஃபீசர். ஸ்டோர்ஸ்னா எல்லாரும் போல்ட்டு, நட்டு, சாக்குன்னு நெனைப்பா. அதெல்லாமும் இருந்தது. அதுக்கு உள்ள ஒரு இரும்பு அறை. அந்த அறைக்குள்ள ஒரு வலை.

வலைன்னா, கேட்டேளா, கொசுவலை மாதிரிதான். வட்டமா, இந்த ஹால்ல பாதியை அடைக்கற அகலம். பிளாட்டினத்தோட ரோடியம்னு இன்னொரு உலோகத்தைக் கொஞ்சம் கலந்து, தலைமயிர் மாதிரி மெல்லிசா கம்பி இழுத்து நெய்யறது. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சுத் தூக்கினா பட்டுப் புடவை மாதிரி தொங்கும். பாக்கத்தான் மெல்லிசு, கையில வாங்கினா கனம். தங்கத்தை விடவும் அடர்த்தி ஜாஸ்தி அதுக்கு.

உரத்துக்கு எதுக்கு பிளாட்டினம்? எல்லாரும் இதைத்தான் கேப்பா. உரம் பண்ண நைட்ரிக் ஆசிட் வேணும். அந்த ஆசிட்டுக்கு ஆரம்பம் அம்மோனியா. அம்மோனியாவையும் காத்தையும் கலந்து இந்த வலை வழியா விடுவா. வலை தணல் மாதிரி செவசெவன்னு இருக்கும். வலைக்கு மேல வரச்சே அது அம்மோனியா, வலையைத் தாண்டினா வேற ஆள். கண்ணை மூடித் திறக்கற நேரம் கூட இல்லை. வலை இல்லாம வெறும் சூடு பண்ணினா? எரியும், ஆனா ஒண்ணுக்கும் பிரயோஜனம் இல்லாத நைட்ரஜனாப் போயிடும். வலை நடுவுல இருந்தாத்தான் நமக்கு வேண்டிய காரியம் நடக்கும். அதுக்குன்னு வலை அந்தப் பண்டத்துல கலந்துக்கறது இல்லை. நம்மாத்து வாத்தியார் மாதிரி. வந்து மந்திரம் சொல்லி ரெண்டு பேரையும் சேத்து வைக்கறார், அவருக்குக் கல்யாணம் ஆறதில்லை. மறுநாள் வேற ஆத்து மணையில உக்காந்துடறார். பாடப் புஸ்தகத்துல இதுக்கு வினையூக்கின்னு பேர். எங்க பிளான்ட்ல வலைன்னு சொன்னாப் போறும்.

தலையாட்டறேள். சந்தோஷம். பாதிப் பேர் இங்கேயே கொட்டாவி விட்டுடுவா.

ஆனா வாத்தியார் ரெண்டு வேஷ்டியோட ஆத்துக்குப் போவார். வலை அப்படி இல்லை. அந்தச் சூட்டுல துளித்துளியா பிளாட்டினம் ஆவியா எழுந்து காத்தோட போயிண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்கறதுக்காகக் கீழ இன்னொரு வலை, பல்லேடியத்துல. பல்லேடியம் பிளாட்டினத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அண்ணா ஓடிப்போனா வழியில நின்னு கையைப் பிடிச்சுக்கும். அதுகிட்டயும் தப்பிச்சது குழாய்ல படியும், ஃபில்டர்ல படியும், தரையில விழும். அதனால ஷட்டவுன் ஆனா நாங்க தரையைப் பெருக்குவோம். பெருக்கின குப்பையை சாக்குல கட்டி, சீல் வெச்சு, இரும்பு அறையில ஏத்துவோம். புதுசா வந்த ஆடிட்டர் ஒருத்தர், குப்பையை எதுக்கு சார் லாக்கர்ல வெச்சிருக்கேள்னார். குப்பைதான் சார், ஆனா எங்க குப்பைன்னேன். அவர் உடனே சாக்கு சாக்கா எண்ண ஆரம்பிச்சுட்டார்.

என்ன? ஃபோனா? ஆமா, வெளிச்சம் வரது. இருக்கட்டும், நான் எடுக்கறதே இல்லை. லோன் வேணுமான்னு கேப்பான்.

வலையைத் தொடறதுன்னா மடி ஆசாரம் சார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, உறை போட்டுண்டு, அப்புறம்தான். ஒரு மேனேஜர் இருந்தார், நல்ல மனுஷன், பேர் வேண்டாம். மாட்டுங்காவுலேருந்து யாரோ வாங்கிண்டு வந்த மெதுவடையைச் சாப்பிட்டுட்டு நேரா பிளான்ட்டுக்கு வந்தார். வலையை அப்பத்தான் பிரிச்சு வெச்சிருந்தோம். என்ன அழகா இருக்குன்னு சொல்லிண்டே கட்டை விரலால ஒரு தடவு. அவ்வளவுதான். வலையைப் பத்த வெச்சா, எல்லா இடமும் செவந்தது, ஓரத்துல ஒரு கட்டை விரல் மட்டும் கறுப்பா நின்னுது. எண்ணெய், உப்பு, ரெண்டும் அதுக்கு ஆகாது. ரிப்போர்ட்ல எப்படி எழுதறதுன்னு தனியா ஒரு மீட்டிங். வடைன்னு எழுதினா அவர் பேர் கெட்டுடும். உணவுப் பொருளால் மாசுன்னு எழுதினோம்.

நீங்க என்ன கேக்கறேள்னா, மோதிரத்துக்கு வரச் சொல்றேள். வரேன்.

தங்கம் ஆயிரம் டிகிரியைத் தாண்டினா உருகிடும். பிளாட்டினத்துக்கு ஆயிரத்து எழுநூறையும் தாண்டணும். அந்தக் காலத்துல ஸ்பெயின்காரா தென்னமெரிக்காவுல ஆத்து மணலை அரிச்சு தங்கம் எடுக்கறச்சே, நடுநடுவுல இந்த வெள்ளைப் பொடி வந்துதாம். அடுப்புல வெச்சா உருகமாட்டேங்கறது. குட்டி வெள்ளின்னு ஏளனமா ஒரு பேரை வெச்சு ஆத்துலயே திருப்பிக் கொட்டினாளாம். பிளாட்டினாங்கற பேருக்கு அர்த்தமே அதுதான். இது இன்னும் பழுக்காத தங்கம், மண்ணுலயே கிடந்தா பழுத்துடும்னு நம்பினவாளும் உண்டாம். உங்காத்து மாமியும் அந்தக் கட்சின்னு தோணறது. தப்பா எடுத்துக்காதேங்கோ.

கடைக்குப் போனா ஒண்ணு ஜாக்கிரதையா பாக்கணும். வெள்ளைத் தங்கம்னு ஒண்ணைக் காட்டுவா. அது தங்கம்தான், வேற உலோகம் கலந்து வெளுக்க வெச்சு, மேல ரோடியம் முலாம். அசல் பிளாட்டினத்தை விடப் பளபளக்கும். நம்ம கண்ணுக்கு அதுதான் பிடிக்கும். சில வருஷம் போட்டுத் தேஞ்சா முலாம் போயி, மஞ்சள் எட்டிப் பாக்கும். திருப்பி முலாம் போடணும். பிளாட்டினம் அப்படி இல்லை. கீறல் விழும், கொஞ்சம் மங்கும், ஆனா வெளில என்ன நெறமோ உள்ளயும் அதே நெறம். மறைக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் கிடையாது.

ம். நான் எங்க விட்டேன்?

வண்டி. கீழ நிக்கறதே உங்க கார், அதுலயும் இந்தப் பிளாட்டினம் குடும்பம் உக்காந்திருக்கு. அடியில ஒரு டப்பா, அதுக்குள்ள தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா பீங்கான். அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூணும் பூசியிருக்கும். பூச்சுன்னா, நம்ம நெத்தி விபூதி அளவு கூட வராது. எஞ்சின் விடற நச்சுப் புகை அதுக்குள்ள புகுந்து வெளில வரச்சே முக்கால்வாசி சாதுவாயிடும். இது தெரிஞ்ச திருடன் வண்டியைத் திருடறதில்லை, டப்பாவை மட்டும் அறுத்துண்டு போறான். எங்க அபார்ட்மென்ட் சொசைட்டியிலயே நகுல்னு ஒரு பையன், அவனோட வேன்ல அறுத்துட்டா. காலம்பற ஸ்டார்ட் பண்ணினா ஏரோப்ளேன் மாதிரி சத்தமாம், பில்டிங்கே வாசலுக்கு வந்துடுத்தாம். நான் தூங்கிண்டிருந்தேன். எங்க வாட்ச்மேன் பிச்சையா, தாராவிலேருந்து வரார், திருநெல்வேலிப் பக்கம். அவர் அவன்கிட்ட சொன்னாராம், வண்டி ஓடுதுல்லா தம்பி, சத்தம் போட்டா என்ன, ஆளு ஒதுங்கிப் போவாம்லான்னு.

பயப்படாதேங்கோ. உங்க வண்டிக்குப் பக்கத்துலயே நாற்காலியைப் போட்டுண்டு உக்காந்திருக்கார், இங்கேருந்து தெரியறது.

பேனாவை எடுத்துட்டேளா? நல்லதாப் போச்சு, குடுங்கோ. இங்க் பேனா. இந்தக் காலத்துல யார் வெச்சிருக்கா? இதைப் பாருங்கோ, நிப்போட நுனியில கடுகுல பாதி ஒரு உருண்டை. இதுதான் காகிதத்துல படறது. மத்ததெல்லாம் வெறும் ஸ்டீல். இந்த உருண்டை ஆஸ்மியம், இரிடியம், ருத்தேனியம்னு இந்தக் குடும்பத்து முரடன்களைக் கலந்து பண்றது, அதான் வருஷக்கணக்கா எழுதினாலும் தேயறதில்லை. ஆஸ்மியத்துக்குப் பேரே நாத்தம்னு அர்த்தம். பொடியாக்கி வெச்சா காத்தோட சேர்ந்து ஒரு வாடை வரும், விஷம், கண்ணுக்கு ஆகாது. கலவையில சேத்துட்டா சமத்தா இருக்கும். எல்லாக் குடும்பத்துலயும் அப்படி ஒருத்தர் உண்டே. இந்தாங்கோ, பேனாவை பாக்கெட்ல வெச்சுக்கோங்கோ. எழுதிக்கல்லாம் வேண்டாம், நான் சொன்னது மனசுல நின்னாப் போறும்.

இருங்கோ, இருங்கோ. நீங்க சொல்லுங்கோ, ஆனா முக்கியமானதை நான் இன்னும் சொல்லலை.

அமெரிக்காவுல ஒருத்தர். ஒரு பாத்திரத்துல பாக்டீரியாவை வளர்த்து, அதுல ரெண்டு பிளாட்டினம் கம்பியை விட்டுக் கரண்ட் பாய்ச்சினார். கரண்ட் என்ன பண்றதுன்னு அவருக்குப் பாக்கணும். பிளாட்டினம் எதோடயும் சேராத சாது, அதான் அதை வெச்சார். பாத்தா, பாக்டீரியா சாகலை. ஆனா ரெண்டாப் பிரியறதை நிறுத்திடுத்து. பிரியாம, சேமியா மாதிரி நீளமா வளர்ந்துண்டே போறது. ஆஹா, கரண்ட்டோட மகிமைன்னு நெனைச்சா. தோண்டித் துருவினா கரண்ட் ஒண்ணுமே பண்ணலை. அந்த சாதுக் கம்பி இத்தனூண்டு கரைஞ்சிருக்கு. கரைஞ்ச பிளாட்டினம்தான் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்கு.

அப்ப ஒரு யோசனை வந்தது. நிறுத்தாம பிரிஞ்சு பிரிஞ்சு வளர்றது இன்னொண்ணு மனுஷா உடம்புல வரதே, அதுக்கு இதைக் குடுத்தா என்ன? குடுத்துப் பாத்தா. நின்னுது. இப்ப அது மருந்தாவே ஊருக்கு ஊர் கிடைக்கறது. நடுவுல ஒரு பிளாட்டினம், ஒரு பக்கம் ரெண்டு குளோரின், இன்னொரு பக்கம் ரெண்டு அம்மோனியா. அம்மோனியாவைக் கேட்டதும் நேக்குச் சிரிப்பு. ஃபேக்டரியில பாத்த அதே ஜோடி, இங்கயும் வந்துடுத்தேன்னு. பாக்க வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் படக் கூடாதுன்னு மூடித் தொங்க விடுவா. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சலைன், பாட்டில் பாட்டிலா, கிட்னி கெட்டுடக் கூடாதேன்னு. நர்ஸ் அக்தர் பானுன்னு ஒரு பொண்ணு, ஊசி குத்த நரம்பு கிடைக்கலைன்னா என்னைத் திட்டமாட்டா, நரம்பைத் திட்டுவா.

என்ன சார் இது? எதுக்குக் கையைப் பிடிச்சுக்கறேள்?

நீங்க இப்ப ரொம்ப நேரம் என்னவோ சொன்னேள். மொகமே வேற மாதிரி ஆயிடுத்து. மத்ததுக்கெல்லாம் தலையை ஆட்டிட்டேன், பத்ரி சார். இதுக்கு ஆட்ட நேக்கு மனசு வரலை.

அந்த மருந்து நேக்குத்தான் போட்டா. மூணு வருஷம் ஆச்சு. மூத்திரப்பையில ஒரு கட்டி. இப்ப இல்லை, போன மாசம் கூட ஸ்கேன் பண்ணியாச்சு, சுத்தம். ஆனா போட்ட பிளாட்டினம் பூரா வெளில வந்துடாதாம், கொஞ்சம் வருஷக்கணக்கா உடம்புலயே தங்குமாம், டாக்டர் சொன்னார். ஸ்டோர்ஸ்காரனுக்கு அது ஒண்ணுதான் உறுத்தல். உள்ள போனதும் வெளில வந்ததும் டேலி ஆகணும் இல்லையா?

தங்கினதுல கொஞ்சம் காதுக்குள்ள போய் உக்காந்துடுத்து. அங்க இருக்கற செல் ஒரு தரம் போனா போனதுதான், திரும்ப முளைக்காது. மொதல்ல குருவி நின்னுது. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் மனுஷா பேச்சு. சத்தம் வரும், வார்த்தை வராது. மெஷின் இருக்கு, ரெண்டு காதுக்கும், அதைப் போட்டுண்டா சமாளிப்பேன். அதை இன்னிக்குக் காலம்பற வாலாம்பாள் கழட்டி, மருந்து டிராயர்ல வெச்சுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிண்டுட்டா. ஸ்ரீலேகா அவளோட சண்டையே போட்டா, இப்படிப் பண்ணாதே, அவாளுக்குத் தெரியட்டும்னு. இவ கேக்கலை. முன்ன ரெண்டு இடம் வந்தது. மெஷினைப் பாத்தா, என்ன ஏதுன்னு விசாரிச்சா, அப்பாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வருமோன்னு யோசிச்சா, அப்புறம் ஃபோன் வரலை. அதனால இந்தத் தடவை ஏற்பாடு என்னன்னா, நான் சிரிச்சுண்டு உக்காந்திருக்கணும், யார் என்ன கேட்டாலும் அவ பக்கத்துல இருந்து பதில் சொல்லிப்பா. உங்க முழங்கால் அவ ஏற்பாட்டுல இல்லை. கோவிலுக்குக் கிளம்பறச்சே வாசல்லேருந்து கையைக் கையைக் காட்டினா, பேசாம இருங்கோன்னு. பேசாம இருந்தா நீங்க பேசுவேள். நீங்க பேசினா நான் மாட்டிப்பேன். நானே பேசிண்டிருந்தா யாரும் ஒண்ணும் கேக்க முடியாதே. நேக்கு நிறுத்தாம பேச வர ஒரே விஷயம் பிளாட்டினம்தான்.

நீங்க வந்து உக்காந்ததுலேருந்து என்ன சொன்னேள்னு ஒரு வார்த்தை நேக்குத் தெரியாது. தலைக்கு மேல சுத்தறதே இந்த ஃபேன், அதோட இரைச்சல் ஒண்ணுதான் காது நெறைய வந்துண்டிருக்கு.

ஹரிகிட்டயும் மாமிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்கோ. ஒளிச்சது நாங்க ரெண்டு பேர், அந்தப் பொண்ணு இல்லை. அதை மட்டும் மறக்காம சொல்லணும்.

எழுந்துட்டேளா? சரி. நியாயம்தான். மெதுவா, மெதுவா, மேஜையைப் பிடிச்சுண்டு. செருப்பு வாசப் பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் சுவர்தான் சார், ஸ்விட்ச் போர்டு.

ஃபேனை நிறுத்திட்டேளா? மே மாசம் சார், உங்களுக்கு வேர்த்துக் கொட்டுமே.

நாற்காலியை இழுக்காதேங்கோ, நான் வரேன் கிட்ட. ம், இப்ப சொல்லுங்கோ. இன்னும் கொஞ்சம் நிதானமா.

பரவாயில்லைன்னேளா?

ம். அது கேட்டுது. மேல சொல்லுங்கோ, நான் குறுக்க பேசலை.